ஐடி வந்தது சரி, யாருடையது?

இறுதியாண்டு புராஜெக்ட் வைவாக்களில் வழக்கமாக நடப்பது இது. மாணவர் திரையில் ஆர்டர் பட்டியலைக் காட்டுவார். ‘விவரம்’ பொத்தானை அழுத்தியதும் முகவரிப் பட்டையில் ‘ஆர்டர்ஸ்/டீடெய்ல்ஸ்/57’ என்று வரும். வியூவிலிருந்து ஐடி கன்ட்ரோலருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பக்கமும் திறந்துவிட்டது. “கிளீன் யூஆர்எல்” என்று பாராட்டும் கிடைத்துவிடும். செயலி ராஜபாளையம் பக்கத்து பேண்டேஜ் யூனிட்டுக்கானதோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கானதோ, நடப்பது இதுதான். 57-ஐ 58 ஆக்கிப் பாருங்கள் என்று கேட்பவர்தான் அபூர்வம்.

இந்த முறையின் நன்மைகளை நானும் மறுக்கவில்லை. ரூட்டில் ஐடி இருப்பதால் அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்யலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பேக் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்யும். டாட்நெட்டின் டேக் ஹெல்பர், ரெயில்ஸின் பாத் ஹெல்பர் போன்றவை முகவரியைத் தாமே கட்டித் தருவதால், ரூட் அமைப்பை மாற்றினாலும் வியூக்களைத் தேடித் திருத்த வேண்டியதில்லை. இதில் ஒரு தவறும் நடந்ததுண்டு: அழிக்கும் வேலையையும் வெறும் லிங்க்கில் வைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. 2005-இல் கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர் லிங்க்குகளை முன்கூட்டியே திறந்ததில் சில தளங்களில் பயனர்களின் தரவு அழிந்தது. அந்தப் பாடத்தைப் பெரும்பாலோர் படித்துவிட்டார்கள்.

படிக்காத பாடம் வேறு. வியூ அனுப்பும் ஐடியை, செயலியே சொன்ன சொல்லாகக் கன்ட்ரோலர் நம்புகிறது. உண்மையில் அது பயனர் சொல்லும் சொல். பட்டியலில் அவரவர் ஆர்டர்களை மட்டும்தானே காட்டுகிறோம், அடுத்தவருடையதை எப்படித் திறப்பார்கள் என்று நிரலாளர் நினைக்கிறார். ஆனால் முகவரிப் பட்டையில் யாரும் எதையும் தட்டலாம். கோயில் வாசலில் செருப்புக்கான டோக்கனைக் கடைக்காரர் தருகிறார். நாமே ஒரு சீட்டில் எண் எழுதி நீட்டினால் செருப்பு கிடைக்காது. இங்கே கிடைக்கிறது.

2021 ஆகஸ்டில் தாம்பரத்துப் பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி தளத்தில் பரிவர்த்தனை எண்ணை மாற்றிப் பார்த்தார். முன்பின் தெரியாத பயணிகளின் பெயர், வயது, பிஎன்ஆர், பயண விவரம் எல்லாம் வந்தன. டிக்கெட்டை ரத்து செய்யவும் ஏறும் நிலையத்தை மாற்றவும்கூட முடியும் என்றார் அவர். அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்த பிறகு ஓட்டை அடைபட்டது. ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர் ஆன்லைனில் டிக்கெட் எடுப்பதும் இதே தளத்தில்தான். 2019-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் வெளியே தெரிந்ததும் முகவரியில் ஓர் எண்ணை மாற்றியதால்தான்.

உடனே வரும் பதில், “லாகின் வைத்திருக்கிறோமே.” வந்தவர் யார் என்பதற்கு லாகின் பதில் சொல்லும், கேட்ட பொருள் அவருடையதா என்பதற்குச் சொல்லாது. வருமான வரி இணையதளத்திலும் லாகின் இருந்தது. உள்ளே நுழைந்தவர் கோரிக்கையில் அடுத்தவரின் பான் எண்ணை வைத்தால் அவருடைய விவரம் கிடைத்தது என்பது 2025 அக்டோபரில் வெளிவந்த செய்தி.

இரண்டாவது பதில், “எண்ணுக்குப் பதில் நீளமான யூயூஐடி போட்டுவிட்டோம்.” அதை ஊகிப்பது கடினம்தான். ஆனால் அந்த ஐடி பகிர்ந்த லிங்க்கிலும் பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் லாக்கிலும் கிடக்கும். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை. யூயூஐடியை அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்தாதீர்கள் என்று 2005-இல் அதை வரையறுத்த ஆவணமே எச்சரித்திருக்கிறது.

என் பெரிய கோபம் லாராவெல்லின் ரூட் மாடல் பைண்டிங் போன்ற வசதிகளின் மேல். ஐடியைக் கொடுத்தால் ரெக்கார்டே கைக்கு வந்துவிடுகிறது. தேடும் வரி கண்ணிலிருந்து மறைந்ததும், யாருடையது என்று கேட்க வேண்டிய இடமும் மறைந்துவிடுகிறது. பாலிசி எழுதும் வசதி ஃபிரேம்வொர்க்கில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எழுதாவிட்டாலும் செயலி ஓடுகிறது என்பதுதான் கோளாறு. இணையச் செயலிகளின் முக்கியப் பாதுகாப்பு ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த அனுமதிக் கட்டுப்பாட்டுக் குறைபாடு 2021-இல் முதலிடத்துக்கு வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் திருத்தம் ஒரே வரி. ‘ஆர்டர்களில் 57-ஐ எடு’ என்று எழுதாமல் ‘இந்தப் பயனரின் ஆர்டர்களில் 57-ஐ எடு’ என்று எழுத வேண்டும். அவருடையதாக இல்லாவிட்டால் 404 போகும்.

வைவா எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பிரவுசரில் இரண்டு பயனராக நுழையச் சொல்லுங்கள். ஒருவரின் ஆர்டர் பக்கத்து யூஆர்எல்லை மற்றவரின் பிரவுசரில் ஒட்டச் சொல்லுங்கள். ஆர்டர் திறந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். யூஆர்எல் எவ்வளவு கிளீனாக இருந்தாலும் சரி.