மஞ்சள் ரத்தக்குழாயைத் தடுக்குமா, வளர்க்குமா?

"மஞ்சளில் இருக்கும் குர்க்குமின், புற்றுக்கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைத்துவிடும், கட்டி பட்டினியில் சாகும்." வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் செய்தி இது. முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. அதுதான் சிக்கலே.

கட்டி ஓர் அளவுக்கு மேல் வளரப் புது ரத்தக்குழாய்கள் வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். அந்த வளர்ச்சியை நிறுத்தும் பொருளைத் தேடியவர்கள் மஞ்சளுக்கும் வந்தார்கள். ரத்தக்குழாயின் உள்சுவராக இருப்பவை எண்டோதீலியல் செல்கள். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இந்தச் செல்களை ஒருவகை ஜெல்லின் மேல் விட்டால், தாமாகவே கைகோத்துக் குழாய் மாதிரி அமையும். அமெரிக்காவில் மகேஸ்வரியின் குழு 1998-ல் அதில் குர்க்குமினைச் சேர்த்துப் பார்த்தது. குழாய் அமைவது தடைப்பட்டது. ஃபார்வர்டு செய்திக்கு ஆதாரம் இந்த மாதிரி ஆய்வுகள்தான்.

ஆனால் அதே 1998-ல் அதே குழுவின் இன்னொரு கட்டுரையும் இருக்கு. எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் உண்டாக்கிய காயங்களில், குர்க்குமின் கொடுத்தவை சீக்கிரம் மூடின. அங்கே புது ரத்தக்குழாய்கள் நன்றாக வளர்ந்திருந்தன!

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தட்டில் ஒரே வகைச் செல் தனியாக இருக்கு. காயத்திலோ பல வகைச் செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இடம் மாறினால் விளைவும் மாறும். ஆனால் நம்ம ஆட்கள் புற்றுநோய்க்கு முதல் கட்டுரையையும், புண்ணுக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது அளவு. தட்டுச் சோதனைகளில் பொதுவாக விடுவது 5, 10 மைக்ரோமோலார். தைவானில் 2001-ல் வெளியான ஆய்வில், தினம் 4 கிராம் குர்க்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்சமாகக் கிடைத்தது சராசரி அரை மைக்ரோமோலார். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். கணக்குப் போடுங்கள்: 4 கிராமுக்கு 130 கிராம் தூள் வேண்டும். குழம்பில் போடும் அரை ஸ்பூன் எங்கே, இது எங்கே?

"மிளகு சேர்த்தால் ஏறுமே" என்பார்கள். ஏறும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் செய்த ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடல் ஏற்பது 2000 சதவீதம் கூடியது. ஆனால் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது கண்டுபிடிக்கவே முடியாத அல்லது மிகக் குறைந்த அளவுதான். அதிலிருந்து இருபது மடங்கு ஏறியும் பெரிய தொகை இல்லை. அதோடு, பைப்பரின் இதைச் செய்வது உடல் மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் வேலையை மந்தப்படுத்தித்தான். அந்த மந்தம் குர்க்குமினோடு நிற்காது. கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம்.

காஞ்சிபுரத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. சிகிச்சைக்கு நடுவில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இந்தச் செய்தியை முதலில் அனுப்புகிறோம், நல்லெண்ணத்தில். கோயில் இட்லியில் இருக்கும் மிளகும், ரசத்தில் போடும் மஞ்சளும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. பைப்பரின் சேர்த்த குர்க்குமின் மாத்திரை வேறு. அதைத் தொடங்குவதற்கு முன் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் டப்பாவையே காட்டிக் கேளுங்கள்.