கால்பந்துப் பயிற்சியாளரின் கைவேலையை ரசிப்பது எப்படி?

கோல் போட்டவரின் பெயரை மைதானம் முழுவதும் உடனே தெரிந்துகொள்கிறது. அந்தக் கோலுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சியாளரின் உழைப்பு அத்தனை சீக்கிரம் கண்ணில் படாது. கோலுக்கு முந்தைய அரை நிமிடத்தில் யார் எங்கே ஓடினார்கள் என்பதில் அதன் ஒரு பாதி இருக்கிறது. கோல் போட்டவர் சிறு வயதில் மைதானத்துக்கு வந்த நாள்முதல் நடந்தவற்றில் மறுபாதி இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்கப் பழகியவருக்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு ஆட்டங்களின் சுவை கிடைக்கும். அந்தப் பழக்கத்துக்குக் கடலூர் நல்ல பாடம்.

அணி எங்கிருந்து வந்தது?

ஒரு கிளப்பை எடைபோடும் முன், அதன் ஆட்டக்காரர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். வசதியுள்ள கிளப் தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துவரும். வசதியில்லாத ஊரில் பயிற்சியாளரே அவர்களை உருவாக்கியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கடலூர் மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், வீட்டைப் பறிகொடுத்த மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளும் காப்பகங்களிலும் விடுதிகளிலும் வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட சிறுமிகளைக் கால்பந்துக்கு அழைத்துவந்தவர்களில் முக்கியமானவர் பயிற்சியாளர் எஸ்.மாரியப்பன். அவர் பயிற்சி தந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, 2017–18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்றாக வளர்ந்தது.

இத்தகைய அணியில் பயிற்சி என்பது பந்தோடு தொடங்குவதில்லை. பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு மைதானத்தில் ஓடுவதற்கு வீட்டார் சம்மதிக்க வேண்டும். காலையில் ஓடிய பிள்ளைக்கு வயிறார உணவு கிடைக்க வேண்டும். ஷூ வேண்டும், பள்ளிப் படிப்பு நிற்காமல் தொடர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பதினைந்து, பதினாறு வயதில் அந்தப் பிள்ளை ஆட்டத்தை விட்டுவிடும். ஆகவே, பல வயதுப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் ஆடுவதும், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நல்ல கிளப்பின் முதல் அடையாளம்.

விசில் ஊதும் முன்

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்குப் போய்விடுவது நல்லது. உடலைச் சூடாக்கும் பயிற்சியைப் பார்த்தாலே அணியின் ஒழுங்கு தெரிந்துவிடும். ஐந்தாறு பேர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவில் நிற்கும் இருவர் அதைப் பறிக்க முயலும் பயிற்சி எல்லா ஊரிலும் உண்டு. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துவைக்கிறார்களா, ஒரே தொடுதலில் அனுப்புகிறார்களா என்பதை அதில் கவனிக்கலாம். தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் படிந்த பழக்கம் அது.

பந்து இல்லாத இடம்

புதிய ரசிகரின் கண் பந்தையே துரத்தும். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுப் பின்களத்தில் நிற்கும் நால்வரை மட்டும் பார்த்தால் வேறொரு காட்சி விரியும். பந்து வலப்பக்கம் போனால் நால்வரும் சேர்ந்து வலப்பக்கம் நகர்வார்கள். முன்னே போனால் நால்வரும் முன்னே ஏறுவார்கள். கரைவலை இழுப்பவர்கள் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைப்பதுபோல அந்த வரிசை நகர வேண்டும். ஒருவர் பின்தங்கினாலும் ஆஃப்சைடு பொறி உடைந்து, எதிரணிக்கு வழி திறந்துவிடும்.

இந்தக் கலையை உலகுக்குக் காட்டியவர் இத்தாலியின் அரிகோ சாக்கி. தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லாத அவர், ஏசி மிலன் அணிக்குப் பந்தே இல்லாமல் நகர்வுப் பயிற்சி கொடுத்தார். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. அந்த அணி 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. உள்ளூர்ப் போட்டியைப் பார்க்கும்போதும் இதே அளவுகோல் பயன்படும். அணி களைத்த எழுபதாவது நிமிடத்தில் வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

பந்து பறிபோன நொடி

பந்தை இழந்த முதல் ஐந்தாறு நொடிகளில் பயிற்சியாளரின் முத்திரை பளிச்சென்று தெரியும். பயிற்சி இல்லாத அணியில் தவறு செய்தவர் இடுப்பில் கைவைத்து நிற்பார், மற்றவர்கள் அவரை முறைப்பார்கள். தேர்ந்த அணியில் அருகில் இருக்கும் இருவர் உடனே பந்தின் மேல் பாய்வார்கள், மற்றவர்கள் பின்னால் ஓடி இடத்தை அடைப்பார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அனைவரும் ஒன்றாகச் செய்கிறார்களா என்பதே கேள்வி.

கார்னரும் ஃப்ரீ கிக்கும் இதே வரிசையில் வருபவை. ஆட்டம் நின்று தொடங்கும் இந்தத் தருணங்களை முழுமையாக ஒத்திகை பார்க்க முடியும். பந்தை அடிப்பவர் கை உயர்த்தியதும் யார் முதல் கம்பத்தை நோக்கி ஓடி எதிரணியை இழுக்கிறார், யார் தாமதமாகப் பின்னால் வருகிறார், எதிர்த்தாக்குதலைத் தடுக்க எத்தனை பேர் நடுக்கோட்டருகே நிற்கிறார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

மாற்றங்களைப் படிப்பது

இன்று பெரும்பாலான போட்டிகளில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். ஒருவர் இறங்கியதும் அவரை மட்டும் பார்க்காமல், ஏற்கெனவே களத்தில் இருப்பவர்கள் எந்த இடத்துக்கு மாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளரின் எண்ணம் அங்கேதான் வெளிப்படும்.

களத்தில் இருப்பவரின் இடத்தை மாற்றியே ஆட்டத்தைத் திருப்பியதற்கு இந்தியக் கால்பந்தில் மிகச் சிறந்த உதாரணம் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் எஸ்.ஏ.ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, முன்களத்துக்கு மாற்றினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார், இந்தியா 2–1 என்று தங்கம் வென்றது. தன் ஆட்டக்காரரின் உடலையும் மனதையும் பல ஆண்டுகள் அறிந்த பயிற்சியாளரால்தான் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியும்.

பல ஆண்டுக் கணக்கு

சிறிய ஊரின் கிளப்பை அது வென்ற கோப்பைகளை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு தவறும். அங்கே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் வேறு அணிகளின் சட்டையில்தான் வெற்றி பெறுவார்கள். ஆகவே மற்ற அணிகளின் பெயர்ப் பட்டியலையும் வாசிக்க வேண்டும்.

கடலூரில் பிறந்து மாரியப்பனிடம் பயின்ற நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன். தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் 1991இல் தொடங்கியது. அதில் மணிப்பூர் இருபதுக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்றிருக்கிறது. அந்த மணிப்பூரை 2018இல் கட்டாக்கில் 2–1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் வென்றபோது அணியில் இந்துமதி இருந்தார். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோதும் இருந்தார். 2023இல் அமிர்தசரஸில் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் வென்றது. 2023–24க்கான சிறந்த ஆட்டக்காரர் விருதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்துமதிக்கு வழங்கியது. பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் வளர்ந்து, இந்திய அணியின் முன்களத்தில் இடம் பிடித்தார்.

ஆட்டத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. இந்துமதி காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகப் பணியாற்றுகிறார். இருபது வயதில் சோற்றுக்கு வழியில்லாமல் ஆட்டத்தை விடுகிற நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் கிளப்பைக் கட்டும் வேலைதான். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்தால், அடுத்த வீட்டுப் பெற்றோர் தங்கள் மகளைத் தயங்காமல் மைதானத்துக்கு அனுப்புவார்கள். அணி தொடர்ந்து நிரம்புவது இப்படித்தான்.

இவற்றை வரிசையாகப் பழகுவது எளிது. ஓர் ஆட்டத்தில் பின்வரிசையை மட்டும், அடுத்ததில் பந்து பறிபோகும் நொடிகளை மட்டும், மூன்றாவதில் மாற்றங்களை மட்டும் பார்க்கலாம். பிறகு ஒரே அணியை ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு தடுமாறிய சிறுமி இந்த ஆண்டு சரியான இடத்தில் நின்று பந்தை வாங்கினால், பயிற்சியாளரின் கைவேலை அங்கே கண்கூடாகத் தெரியும். கோப்பை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரியும் வெற்றி அது.