துபாஷின் எழுத்தும் காலனியத்தின் வாயிலும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

ஐரோப்பியக் காலனிய விரிவாக்கம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்டவரின் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டவை. கடிதங்கள், ஆலோசனைச் சபைக் குறிப்புகள், கணக்கேடுகள் ஆகியவற்றில் உள்ளூர்ச் சமுதாயம் பேசப்படும் பொருளாக இருக்கிறதேயன்றிப் பேசும் குரலாக இருப்பதில்லை. இந்நிலையில், 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தமிழில் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தனித்து நிற்கிறது. காலனியம் வேரூன்றிய காலத்திலேயே, அதன் உள்ளிருந்து, ஆளப்பட்டோரின் மொழியில் எழுந்த நூல் இது. எனினும் வரலாற்றறிஞர் இதனைச் செய்திச் சுரங்கமாகவும், இலக்கிய வரலாற்றாசிரியர் உரைநடை வளர்ச்சியின் ஒரு படியாகவும் கொள்வதோடு நின்றுவிடுகின்றனர். எழுதியவர் எந்த இடத்தில் நின்று எழுதினார் என்னும் வினாவே இந்நூலைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாகும்.

நூலின் வரலாறு

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கர், தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் இளமையிலேயே புதுச்சேரியில் குடியேறினார். பிரெஞ்சுக் கும்பினியின் வணிகத்தில் ஈடுபட்டு உயர்ந்த இவர், தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின் அப்பதவியை அடைந்தார். ஆளுநர் துய்ப்ளேயின் காலம் (1742–1754) நாட்குறிப்பின் மையப் பகுதியாக அமைகிறது. 1761 சனவரியில் ஆனந்தரங்கர் மறைந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1846 அளவில் வெளியுலகுக்குத் தெரியவந்த இந்நூல், 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பன்னிரண்டு தொகுதிகளில் வெளிவந்தது. தமிழ் மூலமோ அதற்குப் பின்னரே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பகுதி பகுதியாக அச்சேறியது. தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழர்க்கு முன்னரே ஆங்கிலம் அறிந்தோர்க்குக் கிடைத்தது என்பதும் காலனியத்தின் விளைவுகளுள் ஒன்றேயாகும்.

இரு மொழியாளரின் இருநிலை

துபாஷ் என்னும் சொல் இருமொழி அறிந்தவர் என்னும் பொருளுடையது. எனினும் அப்பதவி மொழிபெயர்ப்போடு முடிவதன்று. துணிக் கொள்முதல், முன்பணம், நவாபு அரசவையுடன் தூது, சாதித் தலைவர்களின் வழக்கு ஆகிய யாவும் துபாஷின் கைவழியே சென்றன. கும்பினிக்கு ஊரையும் ஊருக்குக் கும்பினியையும் விளக்கிச் சொல்லும் இடைநிலையாளர் இன்றேல் கடல் கடந்து வந்த சிறு கூட்டத்தினர் ஓர் ஊரையேனும் நிலையாக ஆண்டிருக்க இயலாது. காலனியம் வெளியிலிருந்து வீசிய புயல் மட்டுமன்று. உள்ளூரார் திறந்துவிட்ட வாயில்கள் வழியாகவும் அது நுழைந்தது.

நாட்குறிப்பின் மொழி இதற்குச் சான்று. அன்றாடப் பேச்சுத் தமிழோடு முசே, மதாம் முதலிய பிரெஞ்சுச் சொற்களும், நவாபு, சலாம், பரவானா முதலிய அரபு, பாரசீக வழிச் சொற்களும் தடையின்றிக் கலந்து வருகின்றன. நாள்தோறும் தமிழ் ஆண்டும் மாதமும் ஐரோப்பிய ஆண்டும் மாதமும் அருகருகே எழுதப்படுகின்றன. இதனை மொழித்தூய்மைக் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது. இரண்டு காலக்கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவரின் வாழ்க்கை அவருடைய தொடர்களிலேயே பதிவாகியுள்ளது.

அச்சத்தின் இலக்கணம்

துய்ப்ளேயை ஆனந்தரங்கர் மிகுதியாகப் புகழ்வதால் அவரைத் துதிபாடி என்போர் உளர். அவர் குடும்பத்தின் அனுபவத்தை நோக்காது இம்முடிவுக்கு வருதல் தகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் தலைமைத் துபாஷுமான நைனியப்ப பிள்ளை 1716இல் சிறைப்படுத்தப்பட்டார். 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர்மீதான தீர்ப்பு பின்னரே நீக்கப்பட்டது. அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று கிறித்தவராகி மீண்ட பின்னரே அப்பதவி குடும்பத்திற்குத் திரும்பக் கிட்டியது. ஆளுநரின் முகக்குறிப்பு மாறினால் செல்வமும் உயிரும் நில்லா என்பதை அறிந்த குடும்பத்தில் வளர்ந்தவர் ஆனந்தரங்கர். ஆளுநர் சொன்னதையும் தாம் மறுமொழி சொன்னதையும் அவர் ஒவ்வொன்றாக எழுதிவைப்பது, பதவியின் நிலையாமையை உணர்ந்தவரின் தற்காப்பாகவும் கொள்ளத்தக்கது.

இதனை அவர்மீது பாடப்பட்ட இலக்கியங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தியாகராய தேசிகரின் ஆனந்தரங்கன் கோவையும், சீனிவாச கவியின் வடமொழி நூலான ஆனந்தரங்க சம்புவும் அவரைக் குறுநில மன்னர்க்கு நிகரான தலைவராக நிறுத்துகின்றன. 1749இல் முசாபர் சங்கு அவரை மூவாயிரம் குதிரைகளுக்குரிய மன்சப்தாராக்கியதும் இவ்வுயர்வுக்குத் துணையாயிற்று. ஆனால் அதே மனிதர் தம் நாட்குறிப்பில் துய்ப்ளேயின் மனைவியின் பகைமைக்கு அஞ்சி, ஆளுநர் மாளிகையில் காத்து நிற்கிறார். பாட்டுடைத் தலைவன் என்னும் பழைய மரபில் காத்து நிற்கும் தலைவனுக்கு இடமில்லை. காலனியம் தோற்றுவித்த புதிய மனித நிலையைச் சொல்லச் செய்யுள் மரபு அன்று ஆயத்தமாக இல்லை. கணக்கெழுதும் உரைநடையே அதற்கு இடந்தந்தது. இந்நாட்குறிப்பின் இலக்கியத் தகுதி இங்குதான் பிறக்கிறது.

கோயில் இடிப்பும் எழுத்தின் எல்லையும்

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை ஆனந்தரங்கர் துயரத்தோடு பதிவு செய்கிறார். ஊர்ப் பெரியவர்களின் முறையீடு, குருமார்களின் நெடுநாள் விருப்பம், துய்ப்ளேயின் மனைவியின் பங்கு ஆகியன அப்பகுதியில் இடம்பெறுகின்றன. எதிர்த்துப் பயனில்லை என்ற நிலையிலேயே அவர் நிற்கிறார். துயரம் உண்மையானது, அது செயலாக மாறவில்லை என்பதும் உண்மை. பின்வரும் நாட்களில் அலுவல் வழக்கம்போல் தொடர்கிறது. தம் மக்களின் இழப்பைக் கண்ணெதிரே காணும் ஒருவர், அவ்விழப்புக்குக் காரணமான அதிகாரத்தின் பணியில் நீடிக்கிறார். அவரைத் துரோகி என்று ஒதுக்குவதும், கையறு நிலையினர் என்று விடுவிப்பதும் எளிய வழிகள். இரண்டும் நூல் எழுப்பும் வினாவைத் தவிர்த்துவிடுகின்றன.

1743ஆம் ஆண்டுப் பதிவு இன்னும் கடினமானது. எளிய மக்கள் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட செய்தியை அது தருகிறது. இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்ற அடிமை வணிகத்திற்குத் தமிழில் கிடைக்கும் அரிய சான்று இது. ஆயினும் கடத்தப்பட்டோர் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே தோன்றுகின்றனர். யார் இதில் ஈடுபட்டனர், பழி யாரைச் சேரும் என்பதிலேயே கவனம் செல்கிறது. துபாஷின் கண் ஆளுநர் மாளிகையின் கதவிடுக்கு வரை காண்கிறது. கப்பலின் அடித்தளத்தைக் காண்பதில்லை. செல்வமும் சாதி மேன்மையும் அப்பார்வையின் எல்லையை வகுத்துள்ளன.

இவ்விடைவெளியை உணர்ந்தே பிரபஞ்சன் தம் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களை இந்நாட்குறிப்பின் அடிப்படையில் படைத்தார் எனலாம். ஆவணத்தில் ஒரு வரியாக நின்ற எளிய மனிதர்க்கு அங்கு முகமும் பேச்சும் கிட்டுகின்றன. 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற பின்னைய நூல், நாட்குறிப்பின் மீதான ஒரு திறனாய்வாகவும் அமைகிறது.

முடிவுரை

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காலனியத்தை எதிர்த்த நூலன்று. வெறுமனே அதனைப் போற்றிய நூலுமன்று. காலனியம் ஒரு மனிதருக்குள் எவ்வாறு குடியேறுகிறது என்பதை, அவர் அறிந்தும் அறியாமலும் காட்டும் நூல். அதிலுள்ள செய்திகளை எடுத்தாளும் ஆய்வாளர், அச்செய்திகள் எவருடைய அச்சத்தாலும் ஆதாயத்தாலும் வடிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். நாட்குறிப்பில் பேசுவோரோடு, அதில் பேச இடம்பெறாதோரையும் எண்ணிப் பார்க்கும் வாசிப்பே அதற்கு நீதி செய்வதாகும்.