கார்டனா, எஸ்டேட்டா?

தரம் ஒன்பது மாணவியொருத்தி தன் தாய் 'டீ கார்டனில்' வேலை செய்வதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வெட்டி 'எஸ்டேட்' என்று திருத்தினேன். கார்டன் என்பது அஸ்ஸாம், டார்ஜிலிங் வழக்கு, இலங்கையில் எஸ்டேட்தான்.

பிறகுதான் சி.வி. வேலுப்பிள்ளை நினைவுக்கு வந்தார். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கா எஸ்டேட் என்ற சொல் தெரியாது? ஆயினும் தம் ஆங்கிலக் கவிதைக்கு 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்றே பெயரிட்டார். எஸ்டேட் உடைமையைச் சொல்லும் சொல். அதில் துரைதான் முதலில் தெரிவார். கார்டனிலோ நட்டவனின் கை தெரிகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனங்களின் கவிஞர், சொல்லிலாவது மண்ணை அவர்களுக்கு எழுதிவைத்தார் என்பதே என் வாசிப்பு.

சக்தீ பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். நல்ல தலைப்புத்தான். ஆனால் நமது 'தோட்டம்' இரண்டு சொல்லையும் விழுங்கிவிடுகிறதே!

1970இல் வெளிவந்த 'போர்ன் டு லேபர்' இன்னும் சிக்கல். அவர் 'வர்க்' என்று எழுதவில்லை. லேபர் என்பது பிரசவ வேதனைக்கும் பெயர். 'உழைக்க' என்று பெயர்த்தாலோ, நம் பேச்சில் அது சம்பாதிப்பதையும் குறிக்கும். தோட்டத்துச் சம்பளத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மாணவியின் கொப்பியை மீண்டும் வாங்கி, என் திருத்தத்தை வெட்டினேன். குறைத்த புள்ளியையும் கூட்டிக் கொடுத்தேன்.