பத்துக்குப் பத்து அறையில் ஒரு பேஸ் கிடார்

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு ஓய்வதில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். புது ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாடல்களில் ஒன்றைப் போட்டுக் கேட்பதில் தமிழ் ரசிகர்களுக்குத் தனி ஆசை உண்டு. கேட்கும் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று அமைந்துவிட்டால் அந்தச் சோதனையில் ஒரு சிக்கல் வரும். பேஸ் கிடாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஒலி 55 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே தங்கி முழங்கும் ஒலி 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசை முழக்கமும் அந்த ஒரே இடத்தில் வந்து குவியும். அந்தச் சுரம் வீங்கும், பக்கத்துச் சுரங்கள் இளைக்கும். வாசித்தவர் சீராக வாசித்திருப்பார், பதிவு செய்தவர் சீராகப் பதிந்திருப்பார். அறை அதைக் கலைத்துவிடும். ஐந்து லட்சத்துக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் அங்கே கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

உயர்தர ஹை-ஃபை என்ற பழக்கத்தின் மேல் வைக்க வேண்டிய முதல் குறை இதுதான். விலை அதிகம் என்று திட்டுவது எளிது. பணம் இருப்பவர் தனக்குப் பிடித்ததில் செலவிடுவதில் தவறேதும் இல்லை. செலவின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள், பிறகு கேபிள், பிறகு ஸ்டாண்ட் என்று பட்டியல் நீளும். அறை கடைசியில் வரும், பல வீடுகளில் வரவே வராது. காதில் விழும் ஒலியில், அதிலும் 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெரும்பங்கை முடிவு செய்வது அந்த அறை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று புகார் எழ, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். அறையின் கன அளவு கூடினால் ஒலி அடங்கும் நேரம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்ற எளிய சூத்திரம் அந்த இரவுகளில் பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டப்பட்டது.

அதே சூத்திரத்தைச் சென்னை அடுக்ககம் ஒன்றின் 12 x 10 அடி அறையில் போட்டுப் பார்க்கலாம். பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, விட்ரிஃபைடு டைல் தரை ஆகிய மூன்றும் தம்மேல் விழும் ஒலியில் சில சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும். சாமான் எதுவும் இல்லாத அந்த அறையில் ஒலி அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். வீட்டில் இசை கேட்க 0.3 முதல் 0.5 விநாடி வரைதான் பொருத்தம். 0.4 விநாடிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 14 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்பு, அதாவது 150 சதுர அடி வேண்டும். அறையின் தரையே 120 சதுர அடிதான். ஒரு ஜமக்காளமும் இரண்டு திரைச்சீலையும் இதற்குப் போதாது.

சாபின் முதலில் உறிஞ்சுதலை அளந்த அலகு திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பி வராது என்பதால் அதை முழு உறிஞ்சியாகக் கொண்டார். அந்தக் கணக்கில் பார்த்தால் முற்றம் வைத்த பழைய தமிழ் வீடு ஒலிக்கு மிக நல்ல வீடு. நடுவில் வானம் திறந்து கிடக்கும், நாட்டு ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே தாழ்ந்த ஒலி கசிந்து வெளியேறும். கூடத்தில் வைத்த பழைய வால்வு ரேடியோ அவ்வளவு தெளிவாகக் கேட்டதில் அந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. இன்றைய கான்கிரீட் பெட்டி எதையும் வெளியே விடாது. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகைச் சுவர்கள் தாழ்ந்த ஒலிக்குச் சற்று அதிர்ந்து கொடுத்து, அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அப்படி அசைந்து கொடுப்பதில்லை. ஜிப்சம் சுவர் வீட்டில் உட்கார்ந்து அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய ஸ்பீக்கர் மதிப்புரையை நம்பி வேளச்சேரியில் வாங்குபவருக்குப் பேஸ் ஏன் இப்படி முழங்குகிறது என்ற குழப்பம் வருவது இயல்பு.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வைத்தியம் இன்னும் சிறு ஸ்டூடியோக்களில்கூட உயிரோடிருக்கிறது. அந்த அட்டையாலும் ஓரங்குல ஃபோமாலும் உச்ச ஒலிகளை மட்டும் கொஞ்சம் மட்டுப்படுத்த முடியும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். ஓரங்குலப் பஞ்சு அதற்குத் தடையே இல்லை. மேலே மந்தமாகி, கீழே முழக்கம் அப்படியே இருக்க, அறை முன்பைவிட மோசமாகிவிடும். நான்கு அங்குலத்துக்குக் குறையாத ராக்வூல் பலகைகளைத் துணியில் சுற்றி மூலைகளில் நிறுத்துவதும், முதல் எதிரொலி விழும் பக்கச் சுவர்களில் மாட்டுவதும் பயன் தரும். மூலையில் சாய்த்து வைத்த பழைய இலவம்பஞ்சு மெத்தையும் கணிசமாக உதவும். எல்லாவற்றையும்விட மலிவானது நாற்காலியை நகர்த்துவது. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் முதல் முழக்கச் சுரம் காணாமல் போகும், பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது இரட்டிப்பாகும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் தொடங்கி, முன்னும் பின்னும் ஓரடி நகர்ந்து கேட்டால் நல்ல இடம் பிடிபடும். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

அடுத்தது மின்விசிறி. வெளிநாட்டு ஹை-ஃபை நூல்களில் இந்தப் பேச்சே வராது. வேகமாகச் சுழலும் சீலிங் ஃபேன் ஏறத்தாழ 45, 50 டெசிபல் இரைச்சல் எழுப்பும். வீட்டில் சராசரியாக 75 டெசிபல் அளவில் பாட்டு கேட்பவருக்கு, அதில் வரும் மெல்லிய இடங்களெல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் போய்விடும். தம்புராவின் ஜீவாளியும், பாடகர் மூச்செடுக்கும் இடமும், வயலின் வில் தந்தியை விட்டு எழும் கணமும் அதில் அடங்கும். சிடியின் 96 டெசிபல் வீச்சைப் பற்றிப் பேசிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று சொல்வதும் நடக்காது. குறைந்த வேகத்தில் ஓடும் நல்ல ஏசி இந்த அறையில் ஒரு ஹை-ஃபை சாதனமாகவே கணக்கில் வர வேண்டும்.

இனி நம்பிக்கைகளின் பக்கம். 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். திரைக்குப் பின்னால் மறைத்தும், கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். மறைத்து வைத்தபோது நன்றாகத் தேறிய சிறிய மலிவுச் சாதனம் கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண் இழந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்ததால் வந்த வித்தியாசத்தைக்கூட, பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் அவ்வளவாக உணரவில்லை. கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே, ஒலித் தொழிலில் இருப்பவர்கள். காது பழகியவரையும் கண் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2007இல் ஈ. பிராட் மேயரும் டேவிட் மோரனும் வெளியிட்ட ஆய்வு இதன் தொடர்ச்சி. உயர்தெளிவு டிஸ்க்குகளின் ஒலியை நேராகவும், சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவிட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை, கிட்டத்தட்டப் பாதி. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் இதே விடைதான். கேபிளுக்குச் சோதனைகூட வேண்டாம், கணக்கே போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர, மொத்தத் தடை 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மின்கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பி இதற்குப் போதும். லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள் விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

இசைத்தட்டுப் பிரியர்களுக்கு 2022இல் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மூல டேப்பிலிருந்து நேராக வெட்டியவை என்று ரசிகர்கள் நம்பி அதிக விலைக்கு வாங்கிய இசைத்தட்டுகளில் பலவற்றுக்கு 2011 முதலே இடையில் ஒரு டிஜிட்டல் பிரதி பயன்பட்டு வந்தது அப்போது வெளியே தெரிந்தது. டிஜிட்டல் கலந்தால் உடனே காதுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவந்தவர்கள் பல ஆண்டுகள் அவற்றை ரசித்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தட்டுகள் உண்மையிலேயே நன்றாக ஒலித்தன. அதுவும் இதே பாடத்தின் மறுபாதி.

மின்சாரம் பற்றிய கவலையை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் உண்மையிலேயே முனகும். எர்த்திங் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் ஹம் ஸ்பீக்கரில் வந்தே தீரும். இதற்கு ஒழுங்கான எர்த்தும் சைன் அலை யுபிஎஸ்ஸும் போதும். ஜப்பானில் சிலர் தங்கள் வீட்டுக்கென்றே தனி மின்கம்பம் நட்டுக்கொள்வது வரைக்கும் போக வேண்டியதில்லை.

இத்தனை சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தை வீண் என்று ஒதுக்க முடியாது. இன்று பாட்டு பெரும்பாலும் வேறொரு வேலைக்குப் பின்னணியாகிவிட்டது. சமையலோடு, பயணத்தோடு, கைபேசித் திரையோடு அது ஓடிக்கொண்டிருக்கும். ஓர் அறையை ஒதுக்கி, விளக்கைக் குறைத்து, நாற்பது நிமிடம் வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்பவர்கள் மிகச் சிலர். 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை அப்படிக் கேட்டால் ஒவ்வொரு வயலின் வரிசையும் எங்கிருந்து வருகிறது, எது எதற்குப் பதில் சொல்கிறது என்பது துலங்கும். இசையமைத்தவர் உழைத்த உழைப்புக்கு அந்த அளவு கவனமாவது திருப்பித் தர வேண்டும். எக்கோ நிறுவனத்தின் பழைய எல்பிக்களைத் தேடி வாங்கிப் பூஞ்சை துடைத்துக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ஆம்ப்ளிஃபையரும் பாக்ஸும் தாமே கட்டிய தலைமுறைக்கு மின்னணுவியல் கைவேலையாகவே வந்தது. அந்தக் கைகளிலிருந்து நழுவி, பளபளக்கும் காட்சியறைக்கு இந்த ஆசை போய்ச் சேர்ந்தது பெரிய இழப்பு.

கருவி வடிவமைப்பிலும் அறையை முதலில் நினைத்த மரபு உண்டு. எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓரடி. குறுகிய இடத்தில், மிக அருகில் உட்கார்ந்து மனிதக் குரலைச் சரியாகக் கேட்பதே நோக்கம். ஆழ்ந்த பேஸை அது விட்டுக்கொடுத்தது. பத்தடி அறைக்காரருக்கு அந்தக் குறை வரம்தான். அறையைத் தூண்டி முழங்க வைக்கும் ஒலியை அது அதிகம் எழுப்புவதே இல்லை. ஆளுயர டவர் ஸ்பீக்கர்களை இதே அறைக்குள் திணிப்பது பணத்தைக் கொடுத்து முழக்கத்தை வாங்குவது.

தமிழ் ரசிகருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரியக்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் ஆகியோரின் கச்சேரிப் பதிவுகளும், ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடல்களும் மோனோ. ஒரே ஒலியை இரண்டு ஸ்பீக்கர் வழியே கேட்கும்போது, இடது ஸ்பீக்கரின் ஒலி சற்றுத் தாமதமாக வலது காதுக்கும், வலதின் ஒலி இடது காதுக்கும் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தால் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒரு பள்ளம் விழும். சொல் தெளிவுக்கு வேண்டிய பகுதி அது. ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கரை நேரெதிரே வைத்துக் கேட்டால் அந்தப் பள்ளம் இல்லை. மதுரை மணியின் கல்பனாசுரம் கேட்க ஜோடியில் பாதி விலை போதும் என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

ஒற்றை நாற்காலி என்பது இந்தப் பழக்கத்தின் மிக வருத்தமான குறை. எல்லாம் ஒரு புள்ளிக்குச் சரிசெய்த அறையில் வீட்டுக்காரர் மட்டும் நன்றாகக் கேட்பார். பக்கத்தில் உட்காரும் மனைவிக்கோ மகளுக்கோ பேஸ் வேறாகவும் பாடகர் ஓரமாகவும் கேட்கும். நாளடைவில் அவர்கள் அந்த அறைக்குள் வருவதையே விட்டுவிடுவார்கள். வாடகைக்குக் குடியிருக்கும் நகரங்களில் ஓர் அறையை ஒருவருக்கு என்று எழுதி வைப்பதும் சிறிய விஷயமில்லை. ஒற்றை நாற்காலிச் சிக்கலுக்கும் வழி தெரிந்திருக்கிறது. எத்தனை சப்-வூஃபர் போதும் என்று ஹார்மனில் ஆராய்ந்த டாட் வெல்டி, செவ்வக அறையின் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது பெரிதும் குறைகிறது என்று 2002இல் காட்டினார். சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அளவீட்டு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளும் இருந்தால் இதை வீட்டிலேயே ஒரு மாலையில் அளந்து சரிபார்க்கலாம். நடுத்தர விலையில் இரண்டு சப்-வூஃபர், மூலையில் நான்கு ராக்வூல் பலகை, மூன்று பேர் உட்காரும் சோபா. பெயர்பெற்ற ஒரு கேபிளின் விலைக்குள் இவ்வளவும் அடங்கும்.