நினைவாற்றல் மாத்திரை: கேட்க மறந்த கேள்வி

பொதுத் தேர்வு நெருங்கிவிட்டால், ‘மூளைத்திறனைக் கூட்டும்’ மாத்திரைகளின் விளம்பரங்களும் பெருகிவிடுகின்றன. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் இருந்தாலும் சரி, கைபேசியில் பணம் செலுத்தினால் அவை வீட்டு வாசலுக்கே வந்து சேரும். ‘பக்க விளைவு இல்லை’ என்பது அவற்றின் வழக்கமான வாசகம். இந்த வாசகத்தைத்தான் நாம் ஆராய வேண்டும்.

தீங்கு காணப்படவில்லை என்பது வேறு. தீங்கு இல்லை என்பது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றில் ஒருவரைத் தாக்கும் தீங்கு ஒரு மருந்தில் இருப்பதாகக் கொள்வோம். அதை 30 பேருக்குக் கொடுத்துச் சோதித்தால், ஒருவரிடமும் அத்தீங்கு தென்படாமல் போக ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு! சோதனையே நடக்காத பொருளைப் பற்றி என்ன சொல்வது?

பிரான்சு நாட்டின் ரென் நகரில் 2016 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். பி.ஐ.ஏ. 10-2474 என்ற புதிய மருந்து நினைவாற்றலுக்கானதன்று. ஆனால் மூளையில் உள்ள ஒரு நொதியைத் தடுப்பது. விலங்குகளிடம் சோதிக்கப்பட்டது. குறைந்த அளவில் உட்கொண்ட மனிதர்களுக்கும் பெருந்தீங்கு நேரவில்லை. பிறகு, நலமாக இருந்த ஆறு ஆண்களுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் தரப்பட்டது. சில நாள்களில் அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். மருத்துவர் கண்காணிப்பிலேயே இந்த நிலை. தனியறையில் தானே மாத்திரை விழுங்கும் மாணவனைக் கண்காணிப்பவர் யார்?

சீட்டில் எழுதியிருப்பதையாவது நம்பலாமா? அமெரிக்காவில் விற்கப்பட்ட இத்தகைய 10 பொருள்களைப் பகுத்தாய்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. அங்கு அங்கீகாரம் பெறாத 5 மருந்துகள் அவற்றில் இருந்தன. குறிப்பிட்ட அளவும் உள்ளிருந்த அளவும் பெரும்பாலும் பொருந்தவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, மருந்துகள் எவற்றைக் குணப்படுத்துவதாக உரிமை கொண்டாடக் கூடாது எனப் பட்டியலிடுகிறது. மூளைத்திறனைப் பெருக்குவதும் நினைவாற்றலை வளர்ப்பதும் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் ‘ஊட்டச்சத்து’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வருபவற்றை வாங்குபவர்தாம் இனங்காண வேண்டியிருக்கிறது.

புதிய மருந்துகளே வேண்டாம் என்பதன்று நம் வாதம். சோதனை முடியுமுன் விற்பனை வேண்டாம் என்பதே. இனி விளம்பரத்தைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எவ்வளவு காலம்? என் வயதினர் அதில் இருந்தார்களா? விடை கிடைக்காவிட்டால், அந்தச் சோதனைக்கு உட்படப் போவது உங்கள் மூளைதான்.