இரும்புக் கவசமும் தனிமனித மனச்சாட்சியும்

சித்திரக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், கோடிக்கணக்கானோரைக் கவரும் கற்பனை எதுவும் அதனைப் பெற்றெடுத்த சமுதாயத்தின் முரண்பாடுகளைத் தன்னுட் கொண்டே பிறக்கின்றது. அமெரிக்க மார்வெல் நிறுவனம் படைத்த 'இரும்பு மனிதன்' இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பாத்திரம் 1963 இல் தோன்றியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1961 சனவரியில், ஜனாதிபதி ஐசன்ஹோவர் தமது பிரியாவிடை உரையிலே, இராணுவமும் ஆயுதத் தொழிலும் இணைந்து பெறும் மிதமிஞ்சிய செல்வாக்குக் குறித்து எச்சரித்திருந்தார். எவரைக் குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டதோ, அவருள் ஒருவனே கதாநாயகனாக்கப்பட்டான். ஆயுத உற்பத்தியாளனான டொனி ஸ்ராக், தன் கருவிகளின் ஆற்றலைக் காண வியட்நாம் செல்கிறான். பொறிவெடியிற் சிக்கி நெஞ்சிலே காயமுற்று, கம்யூனிஸ்ட் கெரில்லாத் தலைவனொருவனிடம் கைதியாகிறான். உயிர் காக்கவும் தப்பிச் செல்லவும் அங்கே ஓர் இரும்புக் கவசம் உருவாகின்றது. உடனுழைத்த யின்சென் என்னும் ஆசியப் பேராசிரியர், ஸ்ராக் தப்புவதற்கு அவகாசம் தேடித் தம் உயிரை ஈகிறார். உழைப்பு இருவருடையது, கவசமும் புகழும் ஒருவனுடையவை. கெரில்லாத் தலைவனோ வெறுங் கொடுங்கோலன். அம்மக்கள் ஏன் ஆயுதமேந்தினர் என்ற வினா கதையில் எழவேயில்லை.

பின்வந்த கதாசிரியர்கள் கண்மூடி எழுதினர் என நாம் கூறவில்லை. வியட்நாம் போர் முடிவுற்ற 1975 இல் வெளியான கதையொன்றில், அங்கு நிகழ்ந்த அழிவை எண்ணி ஸ்ராக் மனம் நோகிறான். 1987-88 இல் வந்த 'கவசப் போர்' தொடரில், தன் தொழில்நுட்பம் களவுபோனதையறிந்து, குற்றவாளிகளை மட்டுமன்றித் தன் அரசின் காவலரையும் தாக்குகிறான். 2003-04 இல் வந்த கதைகளிலோ, தன் கண்டுபிடிப்புகளை இராணுவம் கையாளும் முறையைத் தானே கண்காணிக்கக் கருதி, நாட்டின் பாதுகாப்புச் செயலாளராகவே பதவியேற்கிறான்.

இது மனச்சாட்சியின் வளர்ச்சிபோலத் தோன்றும். ஆனால், ஒவ்வொரு முறையும் எழுப்பப்படும் வினா ஒன்றே: இவ்வாயுதம் எவன் கையில் இருத்தல் நன்று? விடையும் ஒன்றே: என் கையில். இவ்வாயுதம் எவர் நலனுக்காக ஆக்கப்படுகின்றது, எவர் பணத்தில் ஆக்கப்படுகின்றது, அதற்கு எவரிடம் கணக்குக் காட்டவேண்டும் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. விற்பவனே வாங்குபவனுமாகும் விந்தையை, நல்லவன் ஒருவனின் தியாகமாக இக்கதை காட்டுகின்றது.

இது வெறுங் கற்பனையன்று. ஜெனரல் மோட்டர்ஸ் தலைவர் சார்ள்ஸ் வில்சன் 1953 இலும், போர்ட் நிறுவனத் தலைவர் ரொபேட் மக்னமாரா 1961 இலும் அதே செயலாளர் பதவியை ஏற்றனர். மக்னமாரா 1968 வரை வியட்நாம் போரை நடத்தினார். அது பெருந்தவறு என 1995 இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். அவருக்கும் மனச்சாட்சி இருந்தது. அது விழித்தபோது இலட்சக்கணக்கானோர் மண்ணுள் மறைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மக்களுக்குக் கணக்குக் காட்டாத அதிகாரத்தைத் தனிமனித மனச்சாட்சி கட்டுப்படுத்தும் என நம்புவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2008 இல் வெளியான திரைப்படம் வியட்நாமை நீக்கி ஆப்கானிஸ்தானைக் களமாக்கிற்று. ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக நாயகன் முழங்கும் அப்படம், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒத்துழைப்புடன், விமானப்படைத் தளமொன்றிலும் படமாக்கப்பட்டது என்பதைக் கூறினாற் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

எம் மாணவர் இக்கதைகளைப் படிக்கவேண்டாம் என்பது எமது கருத்தன்று. படிக்கட்டும், கவசத்தின் ஒளியிலே கண்கூசாது படிக்கட்டும். கவசத்தினுள் இருப்பவன் நல்லவனா எனக் கேட்பதோடு நில்லாது, கவசத்திற்கு வெளியே நிற்கும் மக்களின் கதி யாது எனவும் கேட்கப் பழகட்டும். இலக்கிய விமரிசனம் அங்கேதான் தொடங்குகின்றது.